ஃபவுல் செய்யாமல் தடுப்பது: ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் வெளியூர் ஆட்டங்களின் கடைசி நிமிடங்களும் (2011–2025)

1. ஆய்வுப் பொருள்

இளம் கூடைப்பந்து அணிகளைப் பற்றி நெடுங்காலமாக நிலைத்திருக்கும் கருத்து ஒன்று உண்டு. அவர்களிடம் திறமையும் வேகமும் இருக்கும். மூன்று கால்பகுதிகள் வரை யாரையும் எதிர்த்து நிற்பார்கள். ஆனால் எதிரணியின் அரங்கில், கூச்சலுக்கு நடுவே, கடைசி ஐந்து நிமிடத்தில் கை நடுங்கிவிடும் என்பது அது. வர்ணனையாளர்கள் இதைச் சொல்கிறார்கள், பழைய ஆட்டக்காரர்கள் வழிமொழிகிறார்கள், தோற்ற அணியின் பயிற்சியாளரும் சில நேரம் இதையே காரணமாகக் காட்டுகிறார். கேட்க இயல்பாக இருப்பதால் இதை யாரும் அவ்வளவாகச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இக்கட்டுரை அதைச் சோதிக்க முயல்கிறது. களம் ஒரே மன்றம்: அமெரிக்க என்.பி.ஏ. லீகின் ஓக்லஹோமா சிட்டி தண்டர். காரணம் எளியது. சியாட்டிலில் இருந்து 2008-ல் இடம்பெயர்ந்த இந்த மன்றம், பதினேழு ஆண்டுக்குள் இரண்டு முறை மிக இளைய அணி ஒன்றைக் கட்டி உச்சத்துக்குக் கொண்டுவந்தது. முதல் அணி 2012 இறுதித் தொடரில் மையாமியில் மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து இழந்தது. இரண்டாம் அணி 2024-ல் டல்லாஸில் ஒரு புள்ளியில் வெளியேறி, மறு ஆண்டு சாம்பியன் ஆனது. ஒரே ஊர், ஒரே மன்றம், இரண்டு தலைமுறை. ஒப்பிட இதைவிட நல்ல இணை எளிதில் கிடைக்காது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அணிகள் வெளியூரில் தோற்ற நெருக்கமான ஆட்டங்களைப் பார்த்தால், கடைசி நேரத்தில் கூடையில் போட முடியாமல் போனது முதன்மையான குறையாகத் தெரியவில்லை. எதிரணியை ஃபவுல் செய்யாமல் தடுக்க முடியாமல் போனதுதான் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. நடுக்கம் என்று நாம் பேர் வைத்திருப்பதில் பெரும்பகுதி தடுப்பாட்டத்தின் குறை.

2. வெளியூர் எதை மாற்றுகிறது

என்.பி.ஏ. வரலாற்றில் சொந்த அரங்கில் ஆடும் அணி ஏறத்தாழ பத்துக்கு ஆறு ஆட்டம் என்ற அளவில் வென்று வந்திருக்கிறது. அண்மைப் பருவங்களில் இந்த அனுகூலம் குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. கூடையின் உயரமும் களத்தின் அளவும் எங்கும் ஒன்றே. அப்படியிருக்க இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

டோபையஸ் மாஸ்கோவிட்ஸும் ஜான் வெர்தெய்மும் 2011-ல் வெளியிட்ட ஸ்கோர்காஸ்டிங் என்ற நூல் இக்கேள்வியை எண்களோடு அணுகியது. அவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஃப்ரீ த்ரோ பற்றியது. ஃப்ரீ த்ரோ எறியும்போது யாரும் தடுப்பதில்லை. எறிபவரும் கூடையும் மட்டும்தான். கூடைக்குப் பின்னால் ரசிகர்கள் கத்துவார்கள், பலூன்களை ஆட்டுவார்கள். கூச்சல் கையை நடுங்க வைக்கும் என்றால் அந்த நடுக்கம் இங்கேதான் முதலில் தெரிய வேண்டும். லீக் முழுவதையும் பல பருவங்களுக்குச் சேர்த்துப் பார்க்கும்போது, உள்ளூர் அணியும் வெளியூர் அணியும் ஃப்ரீ த்ரோக்களை ஏறக்குறைய ஒரே விழுக்காட்டில் போடுகின்றன.

கூச்சல் யாரை அசைக்கிறது என்பதற்கு அவர்கள் தந்த விடை நடுவர்களை நோக்கியது. வேண்டுமென்று செய்யும் பாரபட்சம் அல்ல. ஐயத்துக்கு இடமான ஒரு மோதலில் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லும்போது மனித மனம் தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்கிறது. இதோடு பயணக் களைப்பும் அடுத்தடுத்த நாள் ஆட்டங்களும் சேர்கின்றன, என்.பி.ஏ. அட்டவணையில் வெளியூர் அணிக்கே இந்தச் சுமை கூடுதலாக விழுகிறது. பிளே ஆஃப் தொடர்களில் ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு இருப்பதால் களைப்பின் பங்கு குறைவு. எஞ்சுவது பெரும்பாலும் விசில்தான்.

இது சரி என்றால் நம் கேள்வியின் உருவம் மாறுகிறது. வெளியூர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், உடலை நம்பித் தடுக்கும் அணிக்கு விலை அதிகம். உள்ளூரில் கண்டுகொள்ளப்படாமல் போகும் ஒரு கைத்தொடுகை வெளியூரில் இரண்டு ஃப்ரீ த்ரோ ஆகலாம். என்.பி.ஏ. விதிப்படி ஒரு கால்பகுதியில் ஒரு அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கத் தொடங்கும். அந்த எல்லையை நான்காம் கால்பகுதியின் நடுவிலேயே தாண்டிவிட்ட அணிக்கு, அதன்பின் ஒவ்வொரு அவசரமும் புள்ளிக் கணக்கில் ஏறும். ஃப்ரீ த்ரோவின்போது கடிகாரமும் ஓடாது. முன்னிலையில் இருக்கும் அணிக்கு ஓடும் கடிகாரமே துணை என்பதால் இது இரட்டை இழப்பு.

3. முதல் அணி: டுராண்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன், இபாக்கா

3.1 வளர்ச்சி

இடம்பெயர்ந்த முதல் பருவத்தில் இந்த அணி 23 வென்று 59 தோற்றது. மறு பருவம் 50 வெற்றி, அடுத்தது 55. கதவடைப்பால் 66 ஆட்டங்களாகச் சுருங்கிய 2011–12 பருவத்தில் 47 வெற்றி, 19 தோல்வி. 2012 ஜூனில் இறுதித் தொடர் தொடங்கியபோது கெவின் டுராண்டுக்கும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்குக்கும் வயது 23. ஜேம்ஸ் ஹார்டனுக்கும் செர்ஜ் இபாக்காவுக்கும் 22.

அனுபவமே இல்லாத கூட்டம் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. லேக்கர்ஸ் அணியோடு ஐந்து முறை சாம்பியன் ஆன டெரெக் ஃபிஷர் அந்த ஆண்டு மார்ச்சில் வந்து சேர்ந்திருந்தார். 2008-ல் பாஸ்டனோடு வென்ற கென்ட்ரிக் பெர்கின்ஸ் நடுவில் நின்றார். மூத்தவர் ஒருவரைச் சேர்த்தால் போதும், இளையவர்கள் தாமே முதிர்ந்துவிடுவார்கள் என்ற எளிய மருந்தை நான் முழுதாக நம்பாததற்கு இந்த அணியே காரணம்.

3.2 மறுப்புச் சான்றுகள்

'இளம் அணியால் வெளியூரில் முடிக்க முடியாது' என்ற கருத்துக்கு எதிரான சான்றுகளையும் இதே அணி தருகிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

2011 பிளே ஆஃப் தொடரில் மெம்ஃபிஸில் மூன்றாம் ஆட்டத்தில் 16 புள்ளி முன்னிலையை இழந்து கூடுதல் நேரத்தில் 101–93 எனத் தோற்றார்கள். இது பழைய கருத்துக்குச் சாதகம். இரண்டே நாளில் அதே அரங்கில் மூன்று கூடுதல் நேரங்கள் நீண்ட ஆட்டத்தை 133–123 என வென்றார்கள். இது அதற்கு நேர் எதிர். அந்தக் கோடையில் அவர்களை உண்மையில் முறித்த சரிவு வெளியூரில் நடக்கவும் இல்லை: மேற்கு இறுதித் தொடரின் நான்காம் ஆட்டம், சொந்த அரங்கு, ஐந்து நிமிடம் மீதி, 15 புள்ளி முன்னிலை. டல்லாஸ் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 112–105 என வென்றது.

2012-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நான்காம் கால்பகுதியில் 13 புள்ளி பின்தங்கியிருந்து, 13.7 நொடி மீதமிருக்கையில் டுராண்ட் போட்ட மூன்று புள்ளி எறிதலால் 103–100 என வென்றார்கள். சான் அன்டோனியோவில் ஐந்தாம் ஆட்டத்தில் ஸ்பர்ஸ் இரண்டு புள்ளி வரை நெருங்கி வந்தபோது, ஹார்டன் ஷாட் கிளாக்கை (எறிவதற்குள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரத்தை) ஓடவிட்டு, இளம் கவாய் லெனர்டின் நீண்ட கைக்கு மேலாக, 28.8 நொடி மீதியில் மூன்று புள்ளி போட்டார். முடிவு 108–103. கை நடுங்குபவர்கள் போடும் பந்துகள் அல்ல இவை.

ஆக, கடைசி நேரத்தில் புள்ளி எடுக்கும் நெஞ்சுரம் இவர்களிடம் இருந்தது. எது இல்லை என்று பார்க்கத் தோல்விகளை அருகே வைக்க வேண்டும்.

3.3 மையாமிக்கு முன்

லேக்கர்ஸுக்கு எதிரான மூன்றாம் ஆட்டத்தில் தண்டர் 99–96 எனத் தோற்றது. லேக்கர்ஸ் அன்று 42 ஃப்ரீ த்ரோ எறிந்து 41 போட்டது. தண்டரும் கோட்டில் நின்று நன்றாகவே போட்டது; ஆனால் எதிரிக்கு 42 வாய்ப்பு தந்த பிறகு மூன்று புள்ளி வித்தியாசத்துக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஸ்பர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று கால்பகுதி முடிந்தபோது ஒன்பது புள்ளி முன்னிலை, 71–62. கடைசிப் பகுதியில் தண்டர் 27 புள்ளி எடுத்தது. ஒரு வெளியூர் ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு அது போதுமான கணக்கு. ஸ்பர்ஸ் 39 எடுத்தது. 101–98.

இரண்டு ஆட்டத்திலும் தண்டர் கூடையில் போடத் திணறவில்லை. எதிரியை நிறுத்தத்தான் முடியவில்லை.

3.4 ஜூன் 17, 2012

அந்தக் காலத்தில் இறுதித் தொடர் 2–3–2 என்ற முறையில் நடந்தது. 1985-ல் வந்த இந்த முறை 2014-ல் கைவிடப்பட்டது. முதல் இரண்டு ஆட்டங்களை ஓக்லஹோமாவில் ஒன்றுக்கொன்று எனப் பகிர்ந்துவிட்டு, இளம் அணி மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து மையாமியில் ஆட வேண்டியிருந்தது. நடுவில் வீடு திரும்பி மூச்சு விட வழியில்லை.

மூன்றாம் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் தண்டர் பத்துப் புள்ளி முன்னிலைக்குப் போனது. அப்போது டுராண்டுக்கு நான்காவது ஃபவுல் விழுந்தது. என்.பி.ஏ.-யில் ஆறு ஃபவுலுக்கு மேல் ஆட முடியாது என்பதால் பயிற்சியாளர் ஸ்காட் புரூக்ஸ் அவரை வெளியே அமர்த்தினார்; சிறிது நேரம் வெஸ்ட்புரூக்கும் அவர் அருகில் உட்கார்ந்திருந்தார். இந்த இடைவெளியில் மையாமியின் மூன்று புள்ளி எறிதல்களின்போது தண்டர் இருமுறை ஃபவுல் செய்தது. ஆறு ஃப்ரீ த்ரோ. கடிகாரம் ஓடாமலே முன்னிலை உருகியது.

இந்த இரண்டு ஃபவுல்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பவரை ஃபவுல் செய்வது கூடைப்பந்தில் மிகவும் விலை கூடிய தவறு. நல்ல எறிவீரர் ஒருவர் பத்து முறை எறிந்தால் நான்கு உள்ளே போகும். சராசரியாக எறிதலுக்கு 1.2 புள்ளி. அவரையே கோட்டில் நிறுத்தி மூன்று ஃப்ரீ த்ரோ கொடுத்தால் எண்பது விழுக்காட்டில் 2.4 புள்ளி. தடுப்பவர் ஓடிவந்து கையை நீட்டிய ஆர்வம் எதிரியின் வாய்ப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறது. களத்தில் இதை அறியாதவர் யாருமில்லை. அறிந்தும் உடல் முந்திக்கொள்கிறது. முன்னிலையில் இருக்கும்போது ஓடிவந்து இரண்டடி முன்னால் நின்றுவிடுவது, கையை உயர்த்திவிட்டுத் தரையை விட்டு எழாமல் இருப்பது, இவை பயிற்சியால் மட்டுமே வரும் அடக்கம்.

முடிவு மையாமிக்கு 91–85. ஃப்ரீ த்ரோக் கணக்கு: மையாமி 35-ல் 31, தண்டர் 24-ல் 15. லீகிலேயே ஃப்ரீ த்ரோ போடுவதில் அந்தப் பருவத்தின் முதன்மை அணி தண்டர்தான், 80 விழுக்காட்டுக்கு மேல். ஒன்பது ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டு ஆறு புள்ளியில் தோற்ற இந்த ஒரு இரவு மட்டும் நடுக்கக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். லீக் அளவிலான சராசரி ஓர் இரவின் உண்மையை அழித்துவிடாது. ஆனால் தவறவிட்ட ஒன்பதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, எதிரிக்குத் தந்த முப்பத்தைந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

3.5 ஜூன் 19, 2012

நான்காம் ஆட்டம் இந்த ஆய்வின் மையம். முதல் கால்பகுதியில் தண்டர் 17 புள்ளி வரை முன்னேறி, 33–19 என முடித்தது. பகுதி முடியும் தறுவாயில் மையாமியின் புதுமுகம் நாரிஸ் கோல் போட்ட மூன்று புள்ளியிலிருந்து அலை திரும்பியது. இடைவேளையில் தண்டருக்கு மூன்று புள்ளி முன்னிலை மட்டுமே மிஞ்சியது. மூன்றாம் பகுதி முடிவில் மையாமி 79–75.

அன்று வெஸ்ட்புரூக் 32 எறிதலில் 20 போட்டு 43 புள்ளி எடுத்தார். வெளியூரில், இறுதித் தொடரில், 23 வயதில். நான்காம் கால்பகுதியில் மட்டும் 17. டுராண்டின் மொத்தம் 28. ஹார்டன் பத்து எறிதலில் இரண்டு மட்டுமே போட்டார். கடைசிப் பகுதியில் தண்டர் எடுத்த 23 புள்ளியும் வெஸ்ட்புரூக், டுராண்ட் இருவருடையவை. இதைப் பார்த்துப் பந்து பகிரப்படவில்லை என்று அன்று பலரும் குறை சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அது முழு விளக்கம் என்று நான் ஏற்கவில்லை. ஏன் என்பது ஐந்தாம் பிரிவில் தெரியும்.

மையாமியின் பக்கம் பாருங்கள். லெப்ரான் ஜேம்ஸ் கால் தசை இழுத்துக்கொண்டு நடக்கவே முடியாமல் இருந்தார். அந்த நிலையிலும் 2:51 நிமிடம் மீதமிருக்கையில் மூன்று புள்ளி போட்டு அணியை 97–94 என முன்னுக்குக் கொண்டுவந்தார். பிறகு அவரால் தொடர முடியவில்லை. கடைசி நிமிடத்தில் எதிரணியின் சிறந்த வீரர் களத்திலேயே இல்லை. முடிப்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு வெளியூர் அணிக்கு அமையாது.

101–98. மீதி 17.3 நொடி. ஒரு ஜம்ப் பால். மையாமி பந்தைத் தக்கவைத்துக்கொண்டது. பந்து கை மாறாததால் ஷாட் கிளாக் புதிதாகத் தொடங்கவில்லை. அதில் ஏறத்தாழ ஐந்து நொடியே இருந்தது. அதாவது மையாமி உடனே எறிந்தாக வேண்டும். எறிந்து தவறினால் தண்டருக்குப் பன்னிரண்டு நொடிக்குக் குறையாமல் கிடைக்கும். மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்ய அது தாராளம். செய்ய வேண்டியது ஒன்றே: ஐந்து நொடி எதிரில் நின்று தடுப்பது, ஃபவுல் செய்யாமல் இருப்பது. 13.8 நொடியில் வெஸ்ட்புரூக் மாரியோ சால்மர்ஸை ஃபவுல் செய்தார். சால்மர்ஸ் இரண்டையும் போட்டார். 103–98, ஒரே எறிதலில் எட்ட முடியாத தூரம். இறுதியில் 104–98.

43 புள்ளி எடுத்த மனிதரின் கை நடுங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஐந்து நொடியில் இல்லாமல் போனது ஒரு தகவல். ஷாட் கிளாக் மாறவில்லை என்பதை ஒருவர் கத்திச் சொல்லியிருந்தால் போதும். இருபதாயிரம் பேரின் கூச்சலில் பயிற்சியாளரின் குரல் களத்துக்குள் எட்டாது. உள்ளூரில் இதே சூழலில் அரங்கம் எதிரணிக்கு எதிராகக் கத்தும். தண்டர் பெஞ்சிலிருந்து வரும் எச்சரிக்கையை உடன் ஆடுபவர்கள் வாங்கிக் கடத்தவும் இடம் இருக்கும். வெளியூரில் ஐந்து பேரும் தமக்குள்ளேயே அதை வைத்திருக்க வேண்டும். கூச்சல் உண்மையில் கெடுப்பது இந்தப் பேச்சைத்தான் என்பது என் துணிபு. தடுப்பாட்டம் ஐந்து பேரின் இடைவிடாத பேச்சால் நடப்பது. புள்ளி எடுப்பதை ஒருவர் தனியாகவே செய்துவிடலாம். வெஸ்ட்புரூக் அன்று செய்து காட்டினார்.

இரண்டு நாள் கழித்து 121–106 எனத் தோற்றுத் தொடர் முடிந்தது. அது நெருக்கமான ஆட்டம் அல்ல. இவ்வாய்வுக்கு அதில் பொருள் குறைவு.

4. எண்ணிக்கையும் அதிர்ஷ்டமும்

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். ஓரிரு பந்தில் முடிவாகும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. 2012 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் ஓக்லஹோமாவிலேயே, 100–96 எனத் தோற்றபோது, கடைசி நொடிகளில் டுராண்ட் எறிந்தபோது ஜேம்ஸ் அவரைப் பிடித்தாரா இல்லையா என்ற ஐயம் இன்னும் பேசப்படுகிறது. ஒரு விசில் வேறாக ஒலித்திருந்தால் தொடரின் கதையே வேறு. சில ஆட்டங்களை வைத்து ஒரு அணியின் குணத்தை எழுதிவிடுவது ஆபத்து.

அவர்களை வென்ற மையாமியே இதற்குச் சான்று. ஓராண்டுக்கு முன், 2011 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், சொந்த அரங்கில், ஏழு நிமிடம் மீதமிருக்கையில் மையாமிக்கு 15 புள்ளி முன்னிலை. டல்லாஸ் அதை விழுங்கி 95–93 என வென்றது. அப்போது டுவைன் வேடுக்கு 29 வயது. ஏற்கனவே ஒரு சாம்பியன் பட்டம் அவரிடம் இருந்தது. இளமையும் இல்லை, வெளியூரும் இல்லை, ஆனாலும் சரிவு வந்தது. வயதைக் காரணமாக்குபவர்கள் இந்த ஆட்டத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

ஆகவே நான் தேடுவது வெற்றி தோல்வியை அல்ல, தோல்விகளுக்குள் மீண்டும் மீண்டும் வரும் ஒரே வகைத் தவறை. அதிர்ஷ்டம் முடிவைத் தீர்மானிக்கலாம். தவறின் வகையைத் தீர்மானிக்காது.

5. இரண்டாம் அணி: கில்ஜியஸ் அலெக்சாண்டர், வில்லியம்ஸ், ஹோம்கிரன்

5.1 டல்லாஸ், மே 18, 2024

பன்னிரண்டு ஆண்டு கழிந்தது. 57 வெற்றியோடு மேற்கில் முதலிடம் பிடித்த அணி. அந்த இடத்தைப் பிடித்த அணிகளிலேயே இளையது. ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டருக்கு 25, ஜேலன் வில்லியம்ஸுக்கு 23, செட் ஹோம்கிரனுக்கு 22.

டல்லாஸுக்கு எதிரான தொடரில் இவர்களும் ஒரு வெளியூர் ஆட்டத்தை அழகாக முடித்தார்கள். நான்காம் ஆட்டத்தில் 14 புள்ளி பின்னிருந்து வந்து 100–96. அன்று உள்ளூர் ரசிகர்கள் முன்னிலையில் டல்லாஸ் 23 ஃப்ரீ த்ரோவில் 12 மட்டுமே போட்டது. கை நடுங்கியவர்கள் வீட்டுக்காரர்கள்.

ஆறாம் ஆட்டத்தில் தண்டர் 17 புள்ளி வரை முன்னிலை பெற்றது. டல்லாஸ் திரும்பி வந்தது. இருபது நொடி மீதியில் ஹோம்கிரன் பந்தைக் கூடைக்குள் அறைந்து 116–115 என முன்னிலையை மீட்டார். புள்ளி எடுக்கும் வேலை முடிந்தது. இனி ஒரு தடவை தடுத்தால் போதும். லூகா டான்சிச் உள்ளே ஊடுருவி மூலையில் நின்ற பி.ஜே. வாஷிங்டனிடம் பந்தை அனுப்பினார். மூன்று புள்ளி எறிதல். கில்ஜியஸ் அலெக்சாண்டர் பாய்ந்து வந்து, 2.5 நொடி மீதியில், அவரை ஃபவுல் செய்தார். பயிற்சியாளர் மார்க் டெய்க்னோ முடிவை மறுபரிசீலனைக்கு அனுப்பினார்; நடுவர் முடிவு நிலைத்தது, டைம் அவுட்டும் போனது. வாஷிங்டன் முதல் இரண்டைப் போட்டு, மூன்றாவதை வேண்டுமென்றே தவறவிட்டார். 117–116. பருவம் முடிந்தது.

மையாமியின் மூன்றாம் ஆட்டத்தில் நாம் பார்த்த அதே தவறு. அன்றைய தண்டர் வீரர்களில் ஒருவர்கூட இந்த அணியில் இல்லை, பயிற்சியாளர் வேறு, ஆட்டத்தின் நடையே வேறாகிவிட்டது. ஆனாலும் ஒரு இளம் வீரரின் உடல், அணி முன்னிலையில் இருக்கும் நொடியில், எறிபவரை நோக்கிப் பாய்ந்தது. அன்று 36 புள்ளி எடுத்தவரும் அவரேதான். அணியின் மிகச் சிறந்த தாக்குதல் வீரர், கடைசித் தடுப்பில் ஃபவுல் செய்கிறார்: 2012-ல் வெஸ்ட்புரூக், 2024-ல் கில்ஜியஸ் அலெக்சாண்டர். இதைத் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கடைசிப் பகுதி முழுவதும் அணியைச் சுமந்தவரிடம், கடைசி நொடியில் ஒன்றும் செய்யாமல் நில் என்று கேட்கிறோம். மனித இயல்புக்கு எதிரான கோரிக்கை அது.

5.2 டென்வர், மே 2025

டல்லாஸ் தோல்விக்குப் பின் வந்த கோடையில் மன்றம் செய்த இரண்டு மாற்றங்களும் தடுப்பாட்டத்தை நோக்கியவை. ஜாஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூஸோவைப் பெற்றார்கள். ஐசாயா ஹார்டன்ஸ்டைனை ஒப்பந்தம் செய்தார்கள். புள்ளி எடுப்பவர் ஒருவரைத் தேடி அவர்கள் போகவில்லை. தோல்வியைச் சரியாகப் படித்தார்கள் என்று இதைக் கொள்கிறேன்.

68 வெற்றியோடு முடிந்த பருவத்திலும் பாடம் உடனே வந்துவிடவில்லை. பிளே ஆஃப் தொடரில் டென்வரில் மூன்றாம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் தண்டர் இரண்டே புள்ளி எடுத்தது, டென்வர் 11. முடிவு 113–104. என் வாதத்துக்கு இது இடறல்தான். இங்கே புள்ளியே வரவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அதே அரங்கில், இரு அணியும் தடுமாறிய ஒரு வறண்ட ஆட்டத்தை, எதிரியை 87 புள்ளியில் நிறுத்தி 92–87 என முடித்தார்கள். பந்து உள்ளே போகாத நாளிலும் வெல்ல ஒரு வழி இருக்கிறது என்று அந்த அணி அங்கே கண்டுகொண்டது.

5.3 இண்டியானாபோலிஸ், ஜூன் 13, 2025

இறுதித் தொடரில் இண்டியானா பேசர்ஸ் 2–1 என முன்னிலை. முதல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவிலேயே நான்காம் பகுதியில் 15 புள்ளி முன்னிலையை விட்டு, 0.3 நொடி மீதியில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட எறிதலால் 111–110 எனத் தண்டர் தோற்றிருந்தது. நான்காம் ஆட்டத்தின் மூன்றாம் பகுதி முடிவில் இண்டியானா 87–80. இதையும் இழந்தால் 3–1.

கடைசிப் பகுதியை 31–17 என வென்று ஆட்டத்தை 111–104 என முடித்தது தண்டர். கில்ஜியஸ் அலெக்சாண்டர் கடைசி 4:38 நிமிடத்தில் 15 புள்ளி எடுத்தார், மொத்தம் 35. ஆட்டம் முழுவதிலும் அவர் ஒரு அசிஸ்ட்கூடத் தரவில்லை. அணி மொத்தமாக மூன்றே மூன்று புள்ளி எறிதல்களைத்தான் போட்டது.

இங்கேதான் மையாமியை மீண்டும் எடுக்க வேண்டும். 2012-ல் இருவர் மட்டுமே புள்ளி எடுத்தார்கள் என்பதே தோல்விக்குக் காரணம் என்றார்கள். 2025-ல் பந்து அதைவிடக் கூடுதலாக ஒருவர் கையில் குவிந்தது, வென்றார்கள். தாக்குதல் முறையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு மறு கூடையில். மையாமி அந்தக் கடைசிப் பகுதியில் 25 எடுத்தது, இண்டியானா 17. ஆட்டத்தின் முடிவில் தண்டர் 12 புள்ளி எடுக்கும்போது இண்டியானாவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அன்று தண்டர் 38 ஃப்ரீ த்ரோவில் 34 போட்டது. வெளியூர் அணி ஒன்று இறுதித் தொடரில் கோட்டுக்கு இத்தனை முறை போனது, எதிரியைவிட நிதானமாக ஆடியதற்கான கணக்கு. கரூஸோ 20 புள்ளியும் ஐந்து பந்துப் பறிப்பும். கையை வெட்டாமல் பந்தை மட்டும் தட்டியெடுக்கத் தெரிந்தவர் அவர். 31 வயது, 2020-ல் லேக்கர்ஸோடு சாம்பியன். மூத்தவரைச் சேர்ப்பது மட்டும் மருந்தல்ல என்று முன்பு சொன்னேன். எந்தத் திறமையுள்ள மூத்தவர் என்பதே கேள்வி என்று இப்போது திருத்திச் சொல்லலாம்.

6. சேர்ந்திருத்தல்

முதல் அணிக்கு இதைக் கற்க நேரம் கிடைத்திருந்தால்? மையாமித் தோல்விக்கு நான்கு மாதம் கழித்து, 2012 அக்டோபரில், சம்பள ஒப்பந்தம் கூடிவராமல் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நால்வரும் ஒன்றாக மீண்டும் ஒரு இறுதித் தொடரை ஆடவே இல்லை. என்.பி.ஏ. வரலாற்றில் என்னை மிகவும் வருந்த வைக்கும் முடிவுகளில் இது ஒன்று.

ஆனால் ஒன்றாக இருந்தாலே கற்றுவிடுவார்கள் என்பதற்கும் எதிர்ச்சான்று உண்டு. டுராண்டும் வெஸ்ட்புரூக்கும் 2016 வரை சேர்ந்தே ஆடினார்கள். அந்த ஆண்டு கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3–1 என முன்னிலை பெற்று, சொந்த அரங்கில் ஆறாம் ஆட்டத்தைக் கடைசி நிமிடங்களில் நழுவவிட்டு, ஏழாம் ஆட்டத்தை ஓக்லண்டில் 96–88 என இழந்தார்கள். எட்டுப் பருவம் சேர்ந்திருந்தும் முடிக்க முடியவில்லை. ஆண்டுகள் தாமாக எதையும் கற்பிப்பதில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அணி எதைத் திருத்த முயல்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாம் அணி 1977 போர்ட்லண்டுக்குப் பிறகு மிக இளைய சாம்பியன் அணி ஆனது. அதுவும் அந்தத் தொடரின் ஆறாம் ஆட்டத்தை இண்டியானாபோலிஸில் 108–91 என இழந்து, ஏழாம் ஆட்டத்தை வீட்டில்தான் வென்றது. வெளியூர் எளிதாகிவிடவில்லை. இனி ஒரு இளம் அணியைப் பற்றி, வெளியூரில் முடிக்கத் தெரியாதவர்கள் என்று யாராவது எழுதினால், சராசரி வயதைக் கேட்பதற்கு முன் மூன்று கணக்குகளைக் கேட்க வேண்டும்: கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரணிக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ தந்தார்கள், அவற்றில் எத்தனை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே செய்த ஃபவுலால் வந்தன, அப்போது கடிகாரத்தில் என்ன இருந்தது.